எரிவாயுச் சூடேற்றி: எவ்வகை நமக்கு ஏற்றது?

சிங்கப்பூரில் குளிருக்காக அறையைச் சூடேற்ற வேண்டிய தேவை எவருக்கும் ஏற்பட்டதில்லை. ஆண்டு முழுவதும் வியர்வை வழியும் தீவு அது. ஆயினும் எரிவாயுவால் இயங்கும் சூடேற்றிகள் அங்குள்ள பல வீடுகளில் பொருத்தப்பட்டுள்ளன. அவை அறையைச் சூடேற்றுவன அல்ல. குளிக்கும் நீரைச் சூடேற்றுவன. குளிர் நாடுகளில் அறையைச் சூடேற்றும் கருவிக்கும், சிங்கப்பூர்க் குளியலறைக்கு வெந்நீர் வழங்கும் கருவிக்கும் வெளித்தோற்றம் வேறாயினும் உள்ளே நிகழ்வது ஒன்றே. எரிவாயு எரிகிறது, அதற்குக் காற்று வேண்டும், எரிந்தபின் கழிவுப் புகை எங்காவது போயாக வேண்டும். இம்மூன்றையும் அறிந்தவர் எந்த நாட்டில் எந்தச் சூடேற்றியை வாங்கினாலும் ஏமாறமாட்டார்.

இதனைத் தோட்ட மக்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஜொகூர் மாநிலத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர் பலர் இன்று பாலங்கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடுகளின் மாடியறைகளிலும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்கு வீடுகளிலும் நால்வர் ஐவராகச் சேர்ந்து வாடகைக்குக் குடியிருப்போர் அவர்களுள் உண்டு. விடுமுறைக்கு வரும்போது அங்கே மலிவாகக் கிடைத்த அடுப்பையோ சூடேற்றியையோ வீட்டுக்குச் சுமந்து வருவதும் உண்டு. வேறு சிலர் மேற்படிப்புக்கும் வேலைக்கும் மெல்பர்ன், லண்டன் போன்ற குளிர் நகரங்களுக்குச் செல்கின்றனர். கேமரன் மலைக்கு உல்லாசப் பயணம் போகும் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இவர்கள் யாவரும் ஏதாவது ஒரு நாள் எரிவாயுச் சூடேற்றி ஒன்றின் முன் நிற்கப் போகிறவர்களே.

காலாங் எரிவாயு ஆலை

சிங்கப்பூருக்கு எரிவாயு வந்த கதை பழமையானது. 1862-ஆம் ஆண்டில் காலாங் ஆற்றங்கரையில் எரிவாயு ஆலை ஒன்று செயற்படத் தொடங்கியது. நிலக்கரியைக் காற்றுப்படாமல் வாட்டி, அதிலிருந்து வெளிப்படும் வாயுவைச் சேமித்துக் குழாய்வழி அனுப்பினர். 1864-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் பிறந்தநாளன்று, நகரின் தெருவிளக்குகள் அவ்வாயுவால் ஏற்றப்பட்டன. தனியார் நிறுவனத்தின் கையில் இருந்த ஆலையை 1901-இல் நகராண்மைக் கழகம் எடுத்துக்கொண்டது. 1906-இல் மின்விளக்குகள் தெருவுக்கு வரத் தொடங்கியபின் எரிவாயுவின் வேலை மெல்ல மெல்லத் தெருவிலிருந்து அடுக்களைக்கு இடம்பெயர்ந்தது. 1963-இல் அமைந்த பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பில் பின்னர் அது இயங்கியது. நிலக்கரியின் இடத்தைக் காலப்போக்கில் எண்ணெய்ப் பொருள்கள் பிடித்தன.

இந்த ஆலை தேக்காவிலிருந்து வெகுதொலைவில் இல்லை. சிராங்கூன் சாலையில் தொடங்கும் லாவெண்டர் ஸ்திரீட், காலாங் சாலையில் போய் முடிகிறது. ஆலை அப்பக்கம் இருந்தது. லாவெண்டர் என்பது நறுமண மலரின் பெயர். அக்காலத்தில் அத்தெருவின் காய்கறித் தோட்டங்களுக்கு இட்ட எருவின் நாற்றம் பொறுக்கமுடியாமல், வேண்டுமென்றே நகைச்சுவையாக வைத்த பெயர் அது என்பர். சிராங்கூன் சாலைப் பகுதியையே பழைய தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். எரிப்பதும் வாட்டுவதும் அவ்வட்டாரத்துக்குப் புதியன அல்ல.

காலாங் ஆலை 1998-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டது. எரிவாயு தயாரிக்கும் வேலை வட கரையிலுள்ள செனோக்கோவுக்கு மாறியது. செம்பவாங், நீ சூன் என்று வழங்கிய அந்த வட பகுதியில் முன்னொரு காலத்தில் பால்மரங்கள் வரிசை வரிசையாக நின்றன என்பதை நம் வாசகர்கள் அறிந்தால் மகிழ்வர்.

மூவகை வாயு, மூவகைத் துளை

சூடேற்றியைத் தேர்ந்தெடுக்குமுன் அறியவேண்டியது, வீட்டுக்கு வருவது எந்த வாயு என்பதே. எரிவாயு என்று ஒரே சொல்லால் குறித்தாலும் அவை ஒன்றல்ல.

சிங்கப்பூர் அடுக்கு வீடுகள் பலவற்றுக்குக் குழாய்வழி வருவது நகர எரிவாயு. அதில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். மிகுதி மீத்தேன் முதலிய வாயுக்கள். கார்பன் மோனாக்சைடும் சிறிதளவு கலந்திருக்கும். தோட்டத்து லயங்களில் நாம் பயன்படுத்தும் 14 கிலோகிராம் தோம்பில் உள்ளது திரவப் பெட்ரோலிய வாயு. புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டும் அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டு அதில் அடைபட்டுள்ளன. குளிர் நாட்டு நகரங்களில் குழாயில் வருவது பெரும்பாலும் இயற்கை எரிவாயு, அதாவது மீத்தேன்.

ஒரே பருமனளவு எடுத்துக்கொண்டால் தோம்பு வாயு தரும் வெப்பம் நகர எரிவாயு தருவதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இயற்கை எரிவாயு ஏறத்தாழ இரு மடங்கு. எனவே ஒவ்வொரு வாயுவுக்கும் எரிமுனையிலுள்ள துளையின் அளவு வேறாக இருக்கவேண்டும். தோம்பு வாயுவுக்கு ஊசித்துளை போதும். நகர எரிவாயுவுக்கு அகன்ற துளை தேவை.

சிங்கப்பூரில் நகர எரிவாயுவுக்கென்று செய்யப்பட்ட சூடேற்றியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து தோம்பில் இணைத்தால் என்ன ஆகும்? அகன்ற துளைவழியே அளவுக்குமீறிய வாயு பாயும். அதற்கு வேண்டிய காற்று கிடைக்காது. மஞ்சள் நிறத்தில் நெடுஞ்சுடர் எழும், கரி படியும், நச்சுப்புகை பெருகும். தோம்பு வாயுக் கருவியை நகர எரிவாயுவில் இணைத்தாலோ சுடர் சிறுத்து, வெப்பம் போதாமல், சில வேளைகளில் எரிமுனைக்குள்ளேயே நெருப்புப் பின்வாங்கும். தேக்காவுக்கு அருகில் சுங்கை ரோட்டில் பழம்பொருள் சந்தை ஒன்று நெடுங்காலம் நடந்து, 2017-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் மூடப்பட்டது. அச்சந்தை மறைந்தாலும் பழைய கருவிகள் கைமாறும் வழக்கம் மறையவில்லை. ஆகவே பழைய சூடேற்றியை எவர் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் அதன் பக்கவாட்டில் ஒட்டப்பட்ட தகட்டைப் படித்து, எந்த வாயுவுக்குரியது எனக் கண்டபின்னரே வாங்குதல் வேண்டும். துளைமுனையை மாற்றித் தருகிறேன் என்று கூறும் கைதேர்ந்த நண்பரிடமும் நாம் சற்று விலகியே நிற்போம். துளையோடு அழுத்தச் சீராக்கியும் காற்றுப் புகும் வழியும் சேர்ந்தே மாறவேண்டும். சில கருவிகளில் அவ்வாறு மாற்றவே இயலாது.

கசிவின்போதும் இவை வெவ்வேறாக நடந்துகொள்ளும். நகர எரிவாயு காற்றைவிட இலேசானது. மேலெழுந்து கூரைப்பக்கம் தங்கும். தோம்பு வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு கனமானது; தரையில் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். கசிவுணர்த்தும் மணி வாங்குவோர் நகர எரிவாயுவுக்கு அதனை உயரத்திலும், தோம்பு வாயுவுக்குத் தரைக்கு அருகிலும் பொருத்துவதன் காரணம் இதுவே.

புகை போகும் வழி

இனி, சூடேற்றிகளின் வகைகளுக்கு வருவோம். விற்பனையாளர் நிறத்தையும் வடிவத்தையும் விலையையும் காட்டுவார். நாம் காணவேண்டியது வேறு: எரிவதற்கு வேண்டிய காற்று எங்கிருந்து வருகிறது, எரிந்த புகை எங்கே போகிறது என்பதே. இந்த ஒரே கேள்வியால் உலகிலுள்ள எரிவாயுச் சூடேற்றிகள் அனைத்தையும் மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம்.

முதல் வகைக்குப் புகைபோக்கியே கிடையாது. அறைக் காற்றை எடுத்து எரிந்து, புகையை அறைக்குள்ளேயே விடும். அடியில் உருளையிட்டு நகர்த்தும் பெட்டி போன்ற சூடேற்றிகள் இவ்வகை; வாயுத் தோம்பு அப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். செந்தணலாய் ஒளிரும் களிமண் பலகைகள் உடையன சில. சுடரே தெரியாமல் வேதிப்பொருள் பூசிய பலகையின்மேல் வாயு மெல்ல எரிவன சில. சுடர் தெரியவில்லை என்பதால் இவை காற்றைத் தின்பதில்லை என எண்ணலாகாது. இவ்வகையை விற்போர் எடுத்துரைக்கும் பெருமை, வெப்பம் சிறிதும் வீணாவதில்லை என்பது. அது உண்மைதான். வெப்பம் முழுதும் அறையில் தங்குவது, புகை முழுதும் அறையில் தங்குவதால் அன்றோ! ஒரு கிலோகிராம் தோம்பு வாயு எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோகிராம் கரியமில வாயுவும், ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட நீரும் ஆவியாக வெளிப்படும். குளிர் நாட்டில் இச்சூடேற்றி வைத்த வீட்டுச் சுவர்கள் வியர்த்துப் பூஞ்சணம் பிடிப்பது இந்த நீரால்தான்.

இரண்டாம் வகைக்குப் புகைபோக்கி உண்டு. ஆனால் எரியும் காற்றை அறையிலிருந்தே எடுக்கும். சூடான புகை இலேசாகி மேலெழும் இயல்பை நம்பி இது இயங்குகிறது. நல்ல ஏற்பாடே. எனினும் அறைக்குள் வெளிக்காற்று தடையின்றி வந்துகொண்டிருந்தால்தான் புகை மேலே போகும். அடுக்களையில் புகையுறிஞ்சும் விசிறி ஒன்று வேகமாகச் சுழன்று, சன்னல்களும் மூடியிருந்தால், அவ்விசிறி அறைக் காற்றை வெளியே இழுக்கும். இழந்த காற்றை ஈடுசெய்யப் புகைபோக்கி வழியே காற்று கீழ்நோக்கி இறங்கும். அதனுடன் புகையும் அறைக்குள் திரும்பிவரும். 2017-ஆம் ஆண்டில் மெல்பர்ன் நகரில் அரசு வீடொன்றில் குடியிருந்த பெண்மணி ஒருவர் இவ்விதமே உயிரிழந்தார். அதற்கு முன் 2010-இல், அதே விக்டோரியா மாநிலத்தில் ஷெப்பார்டனுக்கு அருகில், வாடகை வீட்டில் உறங்கிய இரு சிறுவர்கள், உடன்பிறந்த சகோதரர்கள், சூடேற்றிப் புகையால் மாண்டனர். 2017 மரணத்தை விசாரித்த மரண விசாரணை அதிகாரி இவ்வகைச் சூடேற்றிகளைப் படிப்படியாக நீக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தார். அவை காட்டில் கட்டிய குடிசைகள் அல்ல. விதிமுறைகள் நிறைந்த நாட்டின் முறையான வீடுகள்.

மூன்றாம் வகை அறையோடு காற்றுத் தொடர்பே இல்லாதது. எரியும் பகுதி முற்றும் மூடப்பட்டிருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாய் அமைந்த இரு குழாய்கள் சுவரைத் துளைத்து வெளியே நீளும். ஒன்றன் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். மற்றதன் வழியே புகை வெளியேறும். விசிறி சுழன்றாலும், சன்னல் மூடினாலும், அறைக்குள்ளிருப்பவர் சுவாசிக்கும் காற்றுக்கும் சுடருக்கும் உறவில்லை. விலை கூடுதல், பொருத்தும் செலவும் கூடுதல். ஆயினும் மக்கள் உறங்கும் இடத்தில் வைக்கத்தக்கது இது ஒன்றே என்பது நம் முடிவு.

வெந்நீர்ச் சூடேற்றிகளில் நான்காவதாக ஒன்றும் உண்டு. கட்டடத்துக்கு வெளியே, திறந்த வெளியில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. புகைபோக்கி இல்லாமலோ சிறு வாயோடு மட்டுமோ இருக்கும். வெளியில் இருக்கும்வரை அது நன்று. மழைக்கு நனைகிறதே என்று அதைக் கழற்றி உள்ளே மாட்டினால் முதல் வகையைவிடத் தீயதாகும்.

புகைக்கூடம் அறிந்தவர்க்கு

ரப்பர்த் தகடுகளைப் புகையூட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இவ்வளவு விளக்கமும் மிகையே. அங்கே நாம் வேண்டுமென்றே காற்றை மட்டுப்படுத்துகிறோம். ரப்பர் மரக்கட்டை கொழுந்துவிட்டு எரியாமல் கனிந்து புகையவேண்டும். கூடத்தின் வெப்பம் 60 பாகை செல்சியஸ் அளவில் நிலைக்கவேண்டும். நாள்கணக்கில் அப்படியே இருந்தால்தான் தகடு பொன்னிறமாய்ப் பதமாகும். கதவைத் திறந்தவுடன் உள்ளே நுழைந்து தலைசுற்றி வெளியே வந்தவர்களை எல்லாத் தோட்டத்திலும் காணலாம். அந்தத் தலைசுற்றலுக்குக் கண்ணை எரிக்கும் புகை மட்டும் காரணமன்று. காற்றுக் குறைந்த நெருப்பில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் காரணம். புகைக்கூடத்தில் காற்றைக் குறைப்பது தொழில் நுட்பம். குளியலறையில் அதே செயல் கொலை.

வேறுபாடு ஒன்றுண்டு. மரப்புகை தன் வருகையைக் கண்ணுக்கும் மூக்குக்கும் அறிவித்துவிடும். எரிவாயுப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தோம்பு வாயு கசிந்தால் வீசும் நாற்றம், கசிவை உணர்த்துவதற்காகச் சேர்க்கப்பட்ட பொருளின் நாற்றம்; வாயு எரிந்ததும் அதுவும் போய்விடும். நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு கார்பன் மோனாக்சைடு பிணையும் வலிமை, பிராணவாயுவினதைவிட இருநூறு மடங்குக்கும் மேல். ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டால் எளிதில் இறங்காது. காற்றில் 0.02 விழுக்காடு கலந்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 0.16 விழுக்காடு ஆனால் 20 நிமிடத்தில் தலைவலியும் குமட்டலும் தோன்றி, இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போகும். கால்கள் முதலில் வலுவிழப்பதால், ஆபத்து என்று அறிந்தபின்னும் எழுந்து கதவைத் திறக்க இயலாதவர் பலர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரமுள்ள குளியலறையில் 7 கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று இருக்கும். 10 கிலோவாட் ஆற்றலுள்ள சிறு வெந்நீர்ச் சூடேற்றி ஒன்று ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடும். கதவும் சன்னலும் இறுக மூடியிருந்தால், காற்றிலுள்ள பிராணவாயு 21 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைய ஏறத்தாழ 6 நிமிடம் போதும். அதற்கப்பால் சுடர் திணறும். நச்சுவாயு விரைந்து பெருகும். தலைக்குச் சீயக்காய் தேய்த்து முடிக்கும் நேரம்கூட அதற்கு வேண்டியதில்லை. அந்தக் குளியலறையில் தோம்பையும் கூடவே வைத்திருப்பாரையும் நாம் கண்டிருக்கிறோம்!

2020-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் நேபாளத்தின் மலைப்பகுதியான தாமனில் நடந்ததை நாளிதழ்களில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கேரளத்திலிருந்து உல்லாசப் பயணம் சென்ற குழுவினருள் எண்மர் ஒரே அறையில் தங்கினர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். கடுங்குளிர். அறைக்குள் எரிவாயுச் சூடேற்றி வைத்துக்கொண்டு, கதவு சன்னல்களை மூடி உறங்கினர். காலையில் எண்மரும் நினைவிழந்து கிடந்தனர், ஒருவரும் பிழைக்கவில்லை. சூடேற்றி வெடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை. அது தன் வேலையைத்தான் செய்தது.

இவ்வகைச் சூடேற்றிகளில் இன்று காற்றுக் குறைவை உணரும் பாதுகாப்பு அமைப்பு வைக்கப்படுகிறது. பிராணவாயு ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அதன் சிறுசுடர் தன் இடத்திலிருந்து விலகும். அச்சுடரால் சூடேறிக்கொண்டிருந்த உலோகமுனை குளிரும். வாயு வழி அடைபடும். நல்ல அமைப்பே. இஃது இல்லாத சூடேற்றியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. இருப்பினும் அது பிராணவாயுவின் குறைவையே அறியும், கார்பன் மோனாக்சைடை நேரே அளப்பதில்லை. எரிமுனை அழுக்கடைந்து, காற்று நிறைய இருக்கும்போதே நச்சுவாயு உண்டானால் அது வாளாவிருக்கும். ஆகையால் தனியே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றை உறங்கும் அறையில் வைத்துக்கொள்வது குளிர் நாடு செல்வோர்க்கு நாம் கூறும் முதல் அறிவுரை. கம்பளிச் சட்டை அடுத்துதான்.

சிங்கப்பூரில் எதனைத் தேர்வது?

குழாய்நீரே வெதுவெதுப்பாக வரும் சிங்கப்பூரில் வெந்நீர் எதற்கு என்று கேட்போரும் உண்டு. குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில், மழைநாளில், அக்கேள்வி எழாது.

நீர் 28 பாகையில் வருகிறது என்று கொள்வோம். 40 பாகைக்கு ஏற்றவேண்டும். ஒருவர் 60 லிட்டர் நீரில் குளித்தால் அதற்கு ஏறத்தாழ 3,000 கிலோஜூல் வெப்பம் தேவை. தோம்பு வாயுச் சூடேற்றி நூற்றுக்கு எண்பது பங்கு திறனோடு இயங்கினால், ஒரு கிலோகிராம் வாயுவில் 12 பேர் குளிக்கலாம். 14 கிலோகிராம் தோம்பு, வேறு எதற்கும் பயன்படுத்தாவிடில், ஏறத்தாழ 170 குளியலுக்கு வரும். மின் சூடேற்றிக்கும் அதே வெப்பமே வேண்டும், அது 0.84 அலகு மின்சாரம். தம் ஊரில் தோம்பின் விலையை 170-ஆல் வகுத்து, மின் அலகின் விலையை 0.84-ஆல் பெருக்கிப் பார்ப்பவர் விளம்பரங்களை நம்பவேண்டியதில்லை.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்தே ஆக்கப்படுகிறது. மலேசியாவிலிருந்து 1992-ஆம் ஆண்டு முதல் குழாய்வழி அங்கு எரிவாயு செல்லத் தொடங்கியது. எனவே அங்கே மின் சூடேற்றியும் ஒருவகையில் எரிவாயுச் சூடேற்றியே. நெருப்பு மட்டும் மின் நிலையத்தில் இருக்கிறது, குளியலறையில் இல்லை. எரிபொருளைச் சிக்கனமாக்குவது வீட்டிலேயே எரிப்பதுதான். ஏனெனில் மின் நிலையத்தில் வெப்பத்தின் ஏறத்தாழப் பாதி வீணாகிறது. உயிரைச் சிக்கனமாக்குவது எது என்பதை வாடகைக்குக் குடியிருப்பவர் எண்ணவேண்டும்.

மின்சாரத்தால் உடனுக்குடன் சூடேற்றும் 3 கிலோவாட் கருவி, மேற்சொன்ன அளவு வெப்பத்தில், நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் நீர் தரும். ஒருவர் குளிக்க அது போதும். குடும்பம் பெரிதாகி, இரு குளியலறைக்கும் அடுக்களைக்கும் ஒரே நேரத்தில் வெந்நீர் வேண்டுமானால் எரிவாயுக் கருவியே வல்லது. இரண்டு மூன்று மடங்கு நீரை அது எளிதாகத் தரும். அடுக்கு வீடுகளில் அதனை அடுக்களையை அடுத்த துணி உலர்த்தும் பகுதியில், வெளிச்சுவரை ஒட்டி, புகைக்குழாய் வெளியே நீளுமாறு பொருத்துவர். அவ்விடத்தை வசதிக்காகக் கண்ணாடிச் சன்னல் போட்டு அடைத்துவிடும் வீடுகள் உண்டு. அடைத்தபின் அது வெளியிடம் அன்று, அறை. அங்குள்ள சூடேற்றிக்கும் அறைக்குரிய விதியே பொருந்தும்.

கடைவீட்டின் மாடியறைகள் வேறு வகையான இக்கட்டு. அவை அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. நடுவே வெளிச்சத்துக்கென விட்ட திறந்த முற்றம் ஒன்றே பல அறைகளுக்குக் காற்றுவழி. ஓர் அறையின் சூடேற்றிப் புகையை அம்முற்றத்தில் விட்டால், அடுத்த அறையின் சன்னல் அதனை உள்வாங்கும். பலகை மறைத்து அறையைப் பிரித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இத்தகைய இடத்தில் எரிவாயுச் சூடேற்றி எவ்வகையும் வேண்டா, மின் சூடேற்றியே தகும் என்று நாம் துணிந்து கூறுவோம்.

சிங்கப்பூரில் எரிவாயுக் குழாய்ப் பணிகளை உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரே செய்யவேண்டும் என்பது சட்டம். அதனைக் கண்காணிப்பது 2001-ஆம் ஆண்டில் அமைந்த எரிசக்திச் சந்தை ஆணையம். வீட்டுக்காரர் தாமே குழாயை நீட்டிக்கொடுத்தார் என்றால், அவர் உரிமம் பெற்றவரா எனக் கேட்பதற்கு வாடகைக்காரருக்கு உரிமை உண்டு. கூச்சத்தால் கேளாமல் இருப்பது நம்மவர் இயல்பு.

பொருத்தியபின் கவனிக்க வேண்டியவை சில. ஆண்டுக்கொருமுறை தேர்ந்தவரைக் கொண்டு எரிமுனையைத் தூய்மை செய்தல் வேண்டும். நம் வெப்ப நாடுகளில் எரிமுனையின் காற்றுத் துளையில் சிலந்தி வலை பின்னும். புகைக்குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டும். பல்லி புகுந்து மாண்டு கிடக்கும். குளிர் நாட்டுக் கையேடுகளில் இவை பெரிதாகப் பேசப்படுவதில்லை. நல்ல சுடர் நீலமாகவும் கூர்மையாகவும் இருக்கும். மஞ்சள் நிறம் மிகுந்தாலோ, கருவியின் மேற்புறத்தில் கரி படிந்தாலோ, அன்றே அணைத்துவிடுக. நீலச்சுடர் என்பதற்காக மட்டும் கவலையற்றிருக்கவும் வேண்டா. புகைக்குழாய் அடைபட்டால் நீலச்சுடரின் புகையும் அறைக்குள்ளேதான் திரும்பும்.

குளித்துவிட்டு வருபவர் தலைவலி என்கிறார். வீட்டில் மற்றொருவருக்கும் குமட்டல். வெளியே போய் வந்தால் இருவருக்கும் சரியாகிவிடுகிறது. இது காய்ச்சலோ அசீரணமோ அன்று. சூடேற்றியை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லாரையும் வெளியே அழைத்துச்சென்று, மருத்துவரிடம் சூடேற்றி இருப்பதைச் சொல்லவேண்டும். சொன்னால்தான் அவர் இரத்தத்தை அதற்கென்று சோதிப்பார். மயங்கிக் கிடப்பவரைத் தூக்கச் செல்பவர் முதலில் கதவைத் திறந்து காற்று வரச்செய்தபின் உள்ளே போகவேண்டும். புகைக்கூடத்தில் நாம் செய்வதும் அதுதானே.

வாயு நாற்றம் வீசினால் செய்கை வேறு. அது எரியாத வாயு. தீயே அங்கு அச்சம். மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வாயு வழியை மூடிச் சன்னலைத் திறந்து வெளியேறுக. தொலைபேசியை வெளியே வந்தபின் எடுக்கலாம். தோம்பு வாயுவாக இருப்பின், கனத்து நிற்கும் அதனைத் தரையோடு வாசற்பக்கம் துடைப்பத்தால் மெல்லக் கூட்டித் தள்ளுவதும் உதவும். ஈரத் துடைப்பமாயின் இன்னும் நன்று.